சவ்வூடு பரவலும் உயிருள்ள செல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் பாடத்தில் ஓரிரு பக்கங்களில் முடிந்துவிடும் சவ்வூடு பரவல், உண்மையில் ஒவ்வொரு செல்லும் பிறந்த நொடி முதல் இறக்கும் நொடி வரை சமாளித்துக்கொண்டே இருக்க வேண்டிய விசை. மாணவர்களும் ஆசிரியர்களும் தோட்டம் வளர்ப்பவர்களும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்களும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. சில விடைகள் நீளமானவை. அந்த இடங்களில் சுருக்கிச் சொன்னால் தவறான புரிதலுக்கே வழிவகுக்கும்.

சவ்வூடு பரவல் என்றால் என்ன?

நீரை எளிதாக விட்டு, அதில் கரைந்துள்ள உப்பு, சர்க்கரை போன்றவற்றைத் தடுக்கும் ஒரு சவ்வின் இரு புறமும் வெவ்வேறு செறிவுள்ள கரைசல்கள் இருக்கும்போது, செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு மிகுந்த கரைசலை நோக்கி நீர் செல்வதே சவ்வூடு பரவல். இத்தகைய சவ்வுக்கு அரைகடத்துச் சவ்வு என்று பெயர். நீர் மூலக்கூறுகள் எந்த நேரமும் இரு திசைகளிலும் சவ்வைக் கடந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒரு திசையில் கடப்பவை மறு திசையில் கடப்பவற்றைவிட மிகுதியாக இருப்பதால் ஏற்படும் நிகர ஓட்டத்தையே நாம் காண்கிறோம். செறிவு சமமானாலோ, செறிவு மிகுந்த பக்கத்தில் போதிய அழுத்தம் உருவானாலோ அந்த நிகர ஓட்டம் நின்றுவிடும். மூலக்கூறுகளின் போக்குவரத்து நிற்பதில்லை.

உப்பு நீரை இழுக்கிறது என்று சொல்வது சரியா?

பேச்சு வழக்கில் சொல்லலாம். விளக்கமாக அதை ஏற்க முடியாது. உப்போ சர்க்கரையோ நீர் மூலக்கூறுகளைப் பற்றி இழுப்பதுதான் காரணம் என்றால், வலுவாகப் பற்றும் பொருள் மிகுந்த அழுத்தத்தையும் மெலிதாகப் பற்றும் பொருள் குறைந்த அழுத்தத்தையும் தர வேண்டும். ஆனால் நீர்த்த கரைசல்களில் அப்படி நடப்பதில்லை. கரைந்திருப்பது எந்தப் பொருள் என்பது அங்கே பொருட்டில்லை. எத்தனை துகள்கள் கரைந்துள்ளன என்பதே பொருட்டு. குளுக்கோஸ் மூலக்கூறு ஒன்று கரைந்தால் ஒரு துகள் கிடைக்கிறது. சமையல் உப்பு கரையும்போது சோடியம், குளோரைடு என்று இரண்டு அயனிகளாகப் பிரிவதால், அதே எண்ணிக்கையிலான உப்பு ஏறக்குறைய இரு மடங்கு விளைவைத் தருகிறது.

ஒரு பொருள் நீரில் கரையும்போது, அக்கரைசலில் உள்ள நீரின் ஆற்றல் நிலை தூய நீரின் நிலையைவிடத் தாழ்கிறது. தாவரவியலார் இதை நீர் இயல் திறன் என்ற அளவால் குறிப்பர். தூய நீரின் திறனைச் சுழியம் என்று வைத்துக்கொண்டு, கரைபொருள் சேரச் சேர அது எதிர்மறை எண்ணாகக் குறைவதாகக் கணக்கிடுவார்கள். உயர்ந்த திறனிலிருந்து தாழ்ந்த திறனை நோக்கி நீர் செல்லும். இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே வரும் விடைகள் அனைத்தையும் தாமாகவே ஊகித்துவிடலாம்.

இதை முதலில் கண்டறிந்தவர் யார்? அந்த அழுத்தம் எவ்வளவு பெரியது?

1748ஆம் ஆண்டில் பிரான்சைச் சேர்ந்த ழான் அந்துவான் நொலே, பன்றியின் சிறுநீர்ப்பைத் தோலால் சாராயம் நிறைந்த கலமொன்றின் வாயைக் கட்டி நீருக்குள் அமிழ்த்தி வைத்தார். சில மணி நேரத்தில் தோல் விம்மிப் புடைத்தது. ஊசியால் குத்தியபோது திரவம் பீய்ச்சியடித்தது. முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு ஆன்றி துட்ரோஷே இதை உயிரினங்களின் திசுக்களோடு தொடர்புபடுத்தி ஆராய்ந்தார். முறையான அளவீடு வந்தது 1877இல்தான். ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பெஃபர், நுண்துளைகள் கொண்ட மண் கலத்தின் சுவரில் காப்பர் ஃபெரோசயனைடு படலத்தை உருவாக்கி, வெறும் 1 சதவீதச் சர்க்கரைக் கரைசலே 50 சென்டிமீட்டருக்கும் மேலான பாதரசத்தைத் தூக்கி நிறுத்தும் என்று காட்டினார். அந்த அளவீடுகளைக் கொண்டு டச்சு வேதியியலாளர் வான்ட் ஹாஃப், கரைசலின் அழுத்தமும் வாயுக்களின் அழுத்தத்தைப் போன்ற ஒரே வடிவச் சமன்பாட்டில் அடங்குகிறது என்று நிறுவினார். 1901இல் வழங்கப்பட்ட முதல் வேதியியல் நோபல் பரிசு அவருக்கே கிடைத்தது.

நம் இரத்த நீர்மத்தின் மொத்தச் சவ்வூடு பரவல் அழுத்தம் 7 வளிமண்டல அழுத்தத்துக்குச் சற்று மேல். கடல் நீருடையது ஏறக்குறைய 25 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே அளவுள்ள ஒரு செல், வெளியே தூய நீரும் உள்ளே தன் சாறுமாக இருக்க நேர்ந்தால் எதிர்கொள்ள வேண்டியது இந்த அளவிலான அழுத்தத்தைத்தான்.

செல் சவ்வு கொழுப்பால் ஆனது. அதன் வழியே நீர் எப்படி நுழைகிறது?

கொழுப்பு இரட்டைப் படலத்தின் ஊடாக நீர் மூலக்கூறுகள் ஓரளவு கசியவே செய்கின்றன. ஆனால் சிவப்பணுக்களிலும் சிறுநீரகக் குழல்களிலும் நீர் கடக்கும் வேகத்தை அந்தக் கசிவால் விளக்க முடியவில்லை. நீருக்கென்று தனி வழி இருக்க வேண்டும் என்ற ஐயம் நெடுநாள் நிலவியது.

1992இல் அமெரிக்காவின் பீட்டர் ஏகரும் அவருடைய குழுவினரும் அந்த வழியைக் கண்டனர். சிவப்பணுச் சவ்வில் ஏராளமாக இருந்த ஒரு புரதத்துக்கான ஆர்.என்.ஏ.வைத் தவளை முட்டைச் செல்களுக்குள் செலுத்தினார்கள். தவளை முட்டைகள் குளத்து நீரில் கிடந்தாலும் வீங்காதவை. அவற்றின் சவ்வு நீரை அவ்வளவு எளிதில் விடாது. ஆனால் அந்தப் புரதத்தைத் தயாரித்துக்கொண்ட முட்டைகளைச் செறிவு குறைந்த கரைசலில் இட்டவுடன் அவை வேகமாக உப்பி வெடித்தன. பக்கத்திலேயே, அந்த ஆர்.என்.ஏ. செலுத்தப்படாத முட்டைகள் மாற்றமில்லாமல் கிடந்தன. அக்குவாபோரின் என்று பெயர் பெற்ற அந்தப் புரதத்தின் ஒரு துளை, நொடிக்குச் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகளை வரிசையாகக் கடத்தும். ஆனால் ஹைட்ரஜன் அயனியைக்கூட உள்ளே விடாது. இதற்காக ஏகருக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

அக்குவாபோரின் நீரைத் தள்ளுவதில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அது கதவு மட்டுமே. எந்தத் திசையில் நீர் செல்லும் என்பதை இரு புறமும் உள்ள செறிவும் அழுத்தமும்தான் தீர்மானிக்கின்றன.

செல் தனக்கு வேண்டியபோது நீரை நேரடியாக இறைத்துக்கொள்ள முடியுமா?

முடியாது. இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் இதையே மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். ஆனால் பாடநூல்கள் இதை அழுத்திச் சொல்வது அரிது. சோடியத்தை இறைக்கும் பம்பு செல்லில் உண்டு. கால்சியத்தை இறைக்கும் பம்பும், ஹைட்ரஜன் அயனியை இறைக்கும் பம்பும் உண்டு. ஆற்றலைச் செலவிட்டு நீரை மட்டும் இறைக்கும் பம்பு எந்த உயிரினத்திலும் அறியப்படவில்லை. நீரை நகர்த்த வேண்டுமானால் செல் முதலில் அயனிகளையோ சர்க்கரையையோ நகர்த்துகிறது. நீர் அவற்றைப் பின்தொடர்ந்து வருகிறது.

நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டி, அதில் ஒன்றிரண்டு லிட்டர் தவிர மற்ற அனைத்தையும் உடலுக்கே திருப்பித் தருகின்றன. அவ்வளவு நீரும் சோடியம் முதலிய கரைபொருள்களின் பின்னாலேயே திரும்புகிறது. நன்னீரில் வாழும் பாரமீசியம் தனக்குள் இடைவிடாமல் புகும் நீரைச் சுருங்கும் நுண்குமிழில் சேர்த்து வெளியே தள்ளுகிறது. அந்தக் குமிழுக்குள் நீர் சேர்வதும், முதலில் அயனிகள் உள்ளே செலுத்தப்படுவதால்தான்.

விலங்குச் செல்லுக்கு இன்னொரு தீராத தொல்லை உண்டு. புரதங்களும் வேறு பல பெரிய மூலக்கூறுகளும் செல்லுக்குள் சிறைப்பட்டிருப்பதால், எதுவும் செய்யாமல் விட்டால் அயனிகளும் அவற்றோடு நீரும் மெல்ல உள்ளே சேர்ந்து செல் வீங்கிவிடும். இதைத் தடுப்பது, ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியம் அயனிகளை வெளியேற்றி 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே கொண்டுவரும் சோடியம்–பொட்டாசியம் பம்பு. டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கௌ 1957இல் இதைக் கண்டறிந்தார். பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் தடைபடும்போது, ஆற்றல் கிடைக்காமல் இந்தப் பம்புகள் நின்றுபோய், சிறிது நேரத்திலேயே அங்குள்ள செல்கள் வீங்கத் தொடங்குகின்றன.

சிவப்பணுவைத் தூய நீரில் இட்டால் என்ன ஆகும்? உப்பு நீரில் இட்டால்?

தூய நீரில் அது உப்பிக் கோள வடிவாகி, சில நொடிகளில் கிழிந்து, ஹீமோகுளோபினை வெளியே கொட்டிவிடும். கலங்கலாக இருந்த கலவை தெளிந்த சிவப்பு நிறமாக மாறுவதை வெறுங்கண்ணாலேயே காணலாம். உப்புச் செறிவு 0.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது சிதைவு தொடங்கி, 0.3 சதவீதம் வாக்கில் ஏறக்குறைய எல்லா அணுக்களும் சிதைந்துவிடும். மிகுந்த உப்பு நீரில் மாறாக நீர் வெளியேறிவிடுவதால், அணு சுருங்கி, ஓரமெங்கும் முள் முள்ளாகத் தோன்றும். 0.9 சதவீத உப்புக் கரைசலில் அது தன் இயல்பான வட்டத்தட்டு வடிவத்தோடு இருக்கும். மருத்துவமனையில் ஏற்றப்படும் சாதாரண சலைனின் செறிவு இதனாலேயே 0.9 சதவீதமாக, அதாவது லிட்டருக்கு 9 கிராம் உப்பாக வைக்கப்பட்டுள்ளது.

உடலில் நீர் குறைந்தவருக்குத் தூய நீரையே நரம்பில் ஏற்றினால் என்ன?

ஏற்றக் கூடாது. நீர் நுழையும் இடத்தில் உள்ள சிவப்பணுக்கள் மேலே சொன்னபடி சிதையும். உயிருக்கே ஆபத்து நேரலாம். உண்மையிலேயே நீர் மட்டும் தேவைப்படும் நோயாளிக்கு 5 சதவீதக் குளுக்கோஸ் கரைசல் தரப்படுகிறது. பாட்டிலில் இருக்கும்போது அதன் செறிவு இரத்தத்துக்கு ஏறக்குறைய இணையாக இருப்பதால் அணுக்களுக்குத் தீங்கு நேர்வதில்லை. பிறகு செல்கள் குளுக்கோஸைப் பயன்படுத்திக்கொள்ள, எஞ்சுவது நீர் மட்டுமே. ‘குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வரும்’ என்று கேட்டு வாங்கிக்கொள்ளும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. ஒரு லிட்டரில் இருப்பது 50 கிராம் குளுக்கோஸ் மட்டுமே. எந்தக் கரைசல் யாருக்குத் தேவை என்பதை மருத்துவரின் கணிப்புக்கே விட்டுவிட வேண்டும்.

தாவரச் செல் மட்டும் ஏன் வெடிப்பதில்லை?

அதைச் சுற்றி உறுதியான செல்லுலோஸ் சுவர் இருக்கிறது. நீர் உள்ளே புகப் புகச் சவ்வு அந்தச் சுவரை அழுத்துகிறது. சுவரும் திருப்பி அழுத்துகிறது. சுவரின் எதிரழுத்தம் போதிய அளவு உயர்ந்ததும் நீரின் நிகர நுழைவு நின்றுவிடுகிறது. இதுவே விறைப்பு அழுத்தம். நன்கு நீர் பெற்ற இலைச் செல்லில் இது 5 முதல் 10 வளிமண்டல அழுத்தம் வரை இருக்கும்; கார் டயரில் நாம் அடிக்கும் காற்றழுத்தத்தைவிட இது பல மடங்கு. கீரைத்தண்டு நிமிர்ந்து நிற்பதும், புதிதாகப் பறித்த வெள்ளரிக்காய் ‘நறுக்’ என்று உடைவதும், தார்ச்சாலையின் விரிசலைப் பிளந்துகொண்டு முளை வெளிவருவதும் இந்த அழுத்தத்தின் வேலை. நீர் குறைந்தால் அழுத்தம் தளர்ந்து செடி தொங்கிப்போகும். மாலையில் நீர் ஊற்றி, மறுநாள் காலையில் நிமிர்ந்திருந்தால் செல்கள் உயிரோடு இருக்கின்றன என்று பொருள்.

பிளாஸ்மா சிதைவை, அதாவது செறிவு மிகுந்த கரைசலில் தாவரச் செல்லின் சவ்வு சுவரைவிட்டு விலகிச் சுருங்குவதை, எப்படிப் பார்ப்பது?

பள்ளி ஆய்வகங்களில் ரியோ செடியின் இலையைப் பயன்படுத்துவதற்குத் தக்க காரணம் உண்டு. அந்த இலையின் அடிப்புறச் செல்களில் ஊதா நிறச் சாறு நிறைந்திருப்பதால், சாயம் எதுவும் இடாமலேயே உள்ளே நடப்பது தெரியும். இலையைச் சாய்வாகக் கிழித்து, அடிப்புறத் தோலை மெல்லிய படலமாக உரித்து, கண்ணாடித் தகட்டில் நீர்த்துளியில் வைத்துப் பார்த்தால், செல்கள் தேன்கூட்டு அறைகள்போல ஓரம்வரை ஊதாவாக நிறைந்து காணப்படும். மூடுதகட்டின் ஒரு பக்கம் 5 சதவீத உப்புக் கரைசலை ஒரு சொட்டு விட்டு, மறு பக்கம் வடிதாளால் உறிஞ்சினால், ஓரிரு நிமிடத்தில் ஊதாப் பகுதி முதலில் மூலைகளில் சுவரைவிட்டு விலகும். பிறகு எல்லாப் பக்கமும் பிரிந்து, அறையின் நடுவே உருண்டையாகச் சுருங்கி நிற்கும். சாறு செறிவடைவதால் ஊதா நிறம் முன்னிலும் அடர்ந்து தெரியும். சுவர் ஏறக்குறைய பழைய வடிவத்திலேயே இருக்கும். உடனே மீண்டும் நீர் விட்டால் பெரும்பாலான செல்கள் பழைய நிலைக்குத் திரும்பும். நெடுநேரம் விட்டுவிட்டால் சவ்வு அறுந்து நிறம் வெளியே கசிந்துவிடும். அதன் பிறகு எவ்வளவு நீர் விட்டாலும் பயனில்லை.

விலகிய சவ்வுக்கும் சுவருக்கும் இடையே உள்ள வெளியில் என்ன இருக்கிறது என்று தேர்வில் கேட்பதுண்டு. அங்கே இருப்பது நாம் விட்ட உப்புக் கரைசல்தான். சுவர் கரைபொருளைத் தடுப்பதில்லை, தடுப்பது சவ்வு.

உரம் அதிகமானால் செடி ஏன் கருகுகிறது?

வேர்த்தூவியின் சாறு, மண் நீரைவிடச் செறிவு மிகுந்ததாக இருக்கும் வரைதான் மண்ணிலிருந்து வேருக்குள் நீர் செல்லும். சிறு தொட்டிக்குள் கையளவு யூரியாவையோ கலப்பு உரத்தையோ கொட்டினால், மண் நீரின் செறிவு வேரின் செறிவை எட்டிவிடும் அல்லது மிஞ்சிவிடும். மண் ஈரமாக இருக்கும். ஆனாலும் செடியால் அந்த நீரை எடுத்துக்கொள்ள முடியாது. இலை ஓரங்கள் காய்ந்து கருகும். உடனே தொட்டியின் அடித்துளை வழியே வடியும்படி நல்ல நீரைத் தாராளமாக ஊற்றி உரத்தைக் கழுவி வெளியேற்றுவதே தீர்வு.

உவர் நிலத்திலும் இதே நிலைதான். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் பகுதி வயல்களில் கடல் நீர் ஏறியபோது, நீர் வடிந்த பிறகும் நிலம் பயிருக்கு உதவாமல் போனதற்கு மண்ணில் தங்கிய உப்பே காரணம். மழைநீரைத் தேக்கி வடித்தும், ஜிப்சம் இட்டும், தக்கைப்பூண்டு வளர்த்து மடக்கி உழுதும் உழவர்கள் அந்த நிலங்களை மீட்டார்கள். சோடியம் அயனி பயிருக்குத் தனியே நஞ்சாகவும் அமைகிறது என்பதால், உவர் நிலத்தின் தீங்கு முழுவதையும் சவ்வூடு பரவலின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

அப்படியானால் அலையாத்தி மரங்கள் கடல் நீரில் எப்படி வாழ்கின்றன?

சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தில் நிற்கும் மரங்கள் வெவ்வேறு வழிகளைக் கையாள்கின்றன. சுரபுன்னை, வேரிலேயே பெரும்பாலான உப்பைத் தடுத்து நிறுத்திவிடுகிறது. வெண்கண்டல், வேரில் ஒரு பெரும் பங்கைத் தடுத்து, மீறி நுழைவதை இலையிலுள்ள உப்புச் சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. மழையில்லாத நாளில் அதன் இலையைத் தொட்டால் உப்புப் படிகங்கள் விரலில் நெருடும். நாவில் வைத்தால் கரிக்கும். இரண்டுக்கும் பொதுவாக, இலைச் செல்கள் தம்முள் அயனிகளையும் கரிமச் சேர்மங்களையும் சேர்த்துக்கொண்டு நீர் இயல் திறனைக் கடல் நீருக்கும் கீழே இறக்கி வைத்துக்கொள்கின்றன. இல்லாவிட்டால் வேர் வழியாக ஒரு சொட்டுக்கூட மேலே ஏறாது.

தொட்டாற்சுருங்கி மடங்குவதும் இதனால்தானா?

ஆம். இலைக்காம்பின் அடியிலுள்ள புடைப்பில், ஒரு பக்கச் செல்கள் பொட்டாசியம், குளோரைடு அயனிகளைத் திடீரென வெளியேற்றுகின்றன. நீரும் உடன் வெளியேற, அப்பக்கம் தளர்ந்து இலை மடங்குகிறது. மீண்டும் விரிய அயனிகளை உள்ளே இறைக்க வேண்டியிருப்பதால் பல நிமிடங்கள் ஆகின்றன. இலைத்துளைகளைத் திறந்து மூடும் காப்புச் செல்களும் இதே முறையில்தான் இயங்குகின்றன.

கடல் மீன் நன்னீரிலும் ஆற்று மீன் கடலிலும் ஏன் வாழ முடிவதில்லை?

எலும்புள்ள மீன்களின் இரத்தச் செறிவு, கடல் மீனுக்கும் ஆற்று மீனுக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான். கடல் நீரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. ஆற்று மீனுக்குள் செவுள் வழியே நீர் புகுந்துகொண்டே இருக்கிறது. அது நீரை ஏறக்குறைய குடிப்பதே இல்லை. நீர்த்த சிறுநீரை மிகுதியாகக் கழித்து, இழந்த உப்பைச் செவுள் வழியே திரும்ப ஈட்டிக்கொள்கிறது. கடல் மீனிடமிருந்து நீர் வெளியேறிக்கொண்டே இருப்பதால், அது கடல் நீரைக் குடித்து, உப்பைச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. செவுளின் பம்புகள் ஒரு திசைக்கே பழகிய மீனை எதிர்ச் சூழலில் விட்டால் அது தாங்காது. ஆற்றில் வளர்ந்து, இனப்பெருக்கத்துக்குக் கடலுக்குச் செல்லும் விலாங்கு போன்ற சில மீன்கள், வழியிலேயே செவுளின் பணியைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளும் திறன் படைத்தவை. சுறாக்கள் யூரியாவை இரத்தத்திலேயே தேக்கி, தம் செறிவைக் கடல் நீருக்குச் சற்று மேலாக வைத்துக்கொள்கின்றன.

நாம் கடல் நீரைக் குடித்தால் தாகம் ஏன் அதிகரிக்கிறது?

கடல் நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம். மனிதச் சிறுநீரகம் வெளியேற்றக்கூடிய சிறுநீரில் உப்பு ஏறக்குறைய 2 சதவீதத்தைத் தாண்டாது. ஆகவே 1 லிட்டர் கடல் நீரின் உப்பை வெளியேற்ற ஒன்றரை லிட்டருக்கும் மேல் சிறுநீர் தேவை. அந்தக் கூடுதல் நீர் நம் செல்களிலிருந்தே எடுக்கப்படுகிறது.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலில் சர்க்கரை ஏன் சேர்க்கிறார்கள்?

சர்க்கரை தெம்புக்காகச் சேர்க்கப்படுகிறது என்றே பலரும் எண்ணுகிறார்கள். அதன் முதன்மையான வேலை வேறு. சிறுகுடல் சுவரின் செல்களில், குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து வந்தால் மட்டுமே இரண்டையும் உள்ளே எடுத்துச் செல்லும் கடத்தி ஒன்று இருக்கிறது. காலராவில் குடற்செல்கள் குளோரைடைக் குடலுக்குள் கொட்ட, நீர் அதைத் தொடர்ந்து வெளியேறி, மணிக்கணக்கில் உயிர் போகும் அளவுக்கு உடல் வற்றிவிடுகிறது. அப்போதும் இந்தக் கடத்தி பழுதாவதில்லை. குளுக்கோஸும் உப்பும் சேர்ந்த கரைசலைக் குடித்தால், அது இரண்டையும் உள்ளே கொண்டுபோக, நீர் பின்தொடர்ந்து செல்கிறது. செல்லால் நீரை நேரே இறைக்க முடியாது என்று முன்பு சொன்னதன் மருத்துவப் பயன் இதுதான்.

1971இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்காளத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹாலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பெரிய கலன்களில் வைத்து, உறவினர்களைக் கொண்டே நோயாளிகளுக்குப் புகட்டச் செய்தார். இறப்பு விகிதம் பெருமளவு குறைந்தது. அவர் 2022இல் மறைந்தார். மறுஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. எளிய இரு பொருள்களைச் சரியான அளவில் கலந்ததன் மூலம் இத்தனை குழந்தைகளைக் காப்பாற்றிய மருத்துவம் வேறு உண்டா என்று எண்ணி வியக்காமல் இருக்க முடியவில்லை.

அளவு இங்கே மிக முக்கியம். உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் கலவையில் லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம் இருக்கின்றன. கரைசலின் மொத்தச் செறிவு இரத்தத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும்படி இது அமைக்கப்பட்டது. சுவைக்காகக் கூடுதல் சர்க்கரை சேர்த்தாலோ, 1 லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு தம்ளர் நீரில் கரைத்தாலோ, குடலுக்குள் செறிவு கூடி, உடலின் நீர் குடலுக்குள் வந்து வயிற்றுப்போக்கு மோசமாகும். மிகு சர்க்கரை கொண்ட குளிர்பானங்களைக் கொடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான். பொட்டலம் கிடைக்காவிட்டால், சுத்தமான 1 லிட்டர் நீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பது ஆபத்தா?

சிறுநீரகம் கழிக்கக்கூடிய வேகத்தைவிட வேகமாக, பல லிட்டர் நீரைக் குறுகிய நேரத்தில் குடித்தால் ஆபத்துதான். இரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். அது திடீரென மிகவும் குறைந்தால் நீர் செல்களுக்குள் புகும். மற்ற உறுப்புகள் சிறிது வீங்கினாலும் தாங்கும். மண்டையோட்டுக்குள் அடைபட்ட மூளைக்கு இடமில்லை. தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு என்று அது முற்றும். நெடுந்தொலைவு ஓடுபவர்கள் வெறும் நீரையே இடைவிடாமல் குடித்து இந்நிலைக்கு ஆளானது உண்டு. சோடியம் நாள்பட்டுக் குறைந்திருப்பவருக்கு அதை அவசரமாக உயர்த்துவதும் மூளை நரம்புகளைச் சிதைத்துவிடும் என்பதால், மருத்துவர்கள் மெதுவாகவே சரிசெய்கிறார்கள்.

சர்க்கரை நோயாளிகள் அடிக்கடி சிறுநீர் கழிப்பது ஏன்?

இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டருக்கு) 180 மில்லிகிராம் வாக்கில் மிஞ்சும்போது, சிறுநீரகத்தால் குளுக்கோஸ் முழுவதையும் மீட்க முடியாமல் அது சிறுநீரில் தங்கிவிடுகிறது. தங்கிய குளுக்கோஸ் நீரையும் தன்னுடனே வைத்துக்கொள்கிறது. அதனால் சிறுநீர் பெருகி, உடல் வறண்டு, தாகம் எடுக்கிறது.

ஊறுகாயும் கருவாடும் கெடாமல் இருப்பது எப்படி?

மாங்காயில் உப்பைப் புரட்டி வைத்தால் சற்று நேரத்தில் ஜாடியின் அடியில் நீர் தேங்குவதைக் காணலாம். காயின் செல்களிலிருந்து வெளிவந்த நீர் அது. அந்த உப்பு நீரில் வந்து விழும் பாக்டீரியாக்களும் தம் நீரை இழந்து, பெருக முடியாமல் போகின்றன. தேனும் வெல்லப்பாகும் உப்புக்குப் பதில் சர்க்கரையால் இதையே செய்கின்றன. உப்பைத் தாங்கி வளரும் நுண்ணுயிரிகளும் பூஞ்சைகளும் இருப்பதால்தான் வெயிலும் எண்ணெயும் புளிப்பும் கூடவே தேவைப்படுகின்றன. ஈரக்கரண்டி பட்ட இடத்தில் செறிவு குறைந்து பூஞ்சை பிடிப்பதைப் பலரும் கண்டிருப்பார்கள்.

நீரில் ஊறிய விரல் சுருங்குவதும் கடலை ஊறிப் பெருப்பதும் சவ்வூடு பரவலா?

விரல் சுருக்கம் சவ்வூடு பரவலால் ஏற்படுவதில்லை. விரலுக்குச் செல்லும் நரம்பு அறுபட்டவர்களுக்கு நீரில் ஊறினாலும் விரல் சுருங்குவதில்லை. நரம்பின் ஆணையால் இரத்தக் குழாய்கள் குறுகுவதே காரணம். காய்ந்த கடலை பெருப்பதும் முதன்மையாக, அதிலுள்ள புரதமும் மாவுப்பொருளும் நீரை உறிஞ்சி உப்புவதால்தான். அதற்குச் சவ்வு தேவையில்லை.

உலர்திராட்சை இடைப்பட்டது. அதன் தோல் சர்க்கரையைவிட நீரை வேகமாக விடுவதால் பழம் உப்புகிறது. ஆனால் ஊறிய நீரைச் சுவைத்தால் இனிக்கும். சர்க்கரையும் ஓரளவு வெளியேறுகிறது என்பதற்கு அதுவே சான்று.

ஆர்.ஓ. இயந்திரம் சவ்வூடு பரவலைத்தான் பயன்படுத்துகிறதா?

அதன் எதிர்ச் செயலைப் பயன்படுத்துகிறது. உப்பு நீரின் பக்கம், அதன் சவ்வூடு பரவல் அழுத்தத்தைவிடக் கூடுதலான அழுத்தத்தைக் கொடுத்தால், நீர் நன்னீர்ப் பக்கத்துக்குத் தள்ளப்படும். இதை நடைமுறைக்கு ஏற்றதாக்கிய சவ்வை, 1960 வாக்கில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் சிட்னி லோபும் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் உருவாக்கினார்கள். சென்னைக்குக் குடிநீர் தர அமைக்கப்பட்ட மீஞ்சூர், நெம்மேலி ஆலைகள் இந்த முறையைக் கொண்டவையே. கடல் நீரைச் சுத்திகரிக்க 55 முதல் 70 வளிமண்டல அழுத்தம் வரை தேவைப்படுவதால்தான் மின்செலவு மிகுகிறது.

வீட்டில் செய்து பார்க்கக்கூடிய எளிய சோதனை எது?

உருளைக்கிழங்கை ஒரே நீளத்தில் விரல்போல நறுக்கி, சில துண்டுகளைச் சாதாரண நீரிலும், சிலவற்றை ஒரு தம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி உப்பு கலந்த நீரிலும் ஒரு மணி நேரம் வையுங்கள். நீரில் கிடந்தது விறைத்து, வளைத்தால் முறியும். உப்பு நீரில் கிடந்தது துவண்டு, வளைத்தால் வளையும். நீளத்தை அளவுகோலால் அளந்தால் வேறுபாடு மில்லிமீட்டர் கணக்கில் தெரியும். பிறகு ஒரு துண்டை வேகவைத்து ஆறவிட்டு, அதையும் நீரில் போட்டுப் பாருங்கள். வெந்த துண்டின் செல் சவ்வுகள் சிதைந்துவிட்டதால், எவ்வளவு நேரம் நீரில் கிடந்தாலும் அது பச்சைத் துண்டைப்போல விறைக்காது.